மதம் இல்லாமல் குடியரசு நிலைக்குமா? ஜான் ஆடம்ஸின் ஒரு வரியும் அதன் பின்கதையும்

கேள்வி இதுதான்: "எங்கள் அரசமைப்பு ஒழுக்கமும் மதப்பற்றும் உள்ள மக்களுக்காக மட்டுமே செய்யப்பட்டது என்று அமெரிக்காவின் இரண்டாவது அதிபர் ஜான் ஆடம்ஸ் எழுதியிருக்கிறாரே, அப்படியென்றால் மதம் இல்லாமல் ஒரு சுதந்திரக் குடியரசு நிலைக்காதா? மதத்தையும் அரசையும் பிரித்து வைத்ததே தப்பு என்று ஆகிவிடாதா?"

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், பிறகு காரணங்களுக்கு வருகிறேன். அந்த வரி ஆடம்ஸ் எழுதியதுதான், சந்தேகமில்லை. அதில் ஒரு பாதியை நான் முழுசாக நம்புகிறேன்: தன்னைத் தானே அடக்கிக்கொள்ளத் தெரியாத மக்களிடம் குடியரசு தங்காது. ஆனால் அந்த அடக்கத்தை மதம்தான் கொடுக்கும், ஆகவே அரசு மதத்துக்குத் தோள் கொடுக்க வேண்டும் என்று இன்று அந்த வரியைக் காட்டுகிறவர்கள் சேர்த்துச் சொல்கிறார்களே, அது அமெரிக்காவின் சொந்த வரலாற்றிலேயே நிற்கவில்லை. மதம் அந்த நாட்டைத் தாங்கிப் பிடித்த நேரங்கள் உண்டு. அந்த நேரங்களில் எல்லாம் அது அரசாங்கத்தின் காசையோ பணக்காரனின் தயவையோ நம்பாமல் தன் காலில் நின்ற மதமாக இருந்தது.

சரி, அந்தக் கடிதத்துக்கு வருவோம். தேதி 1798 அக்டோபர் 11. பிரான்சோடு கடலில் அறிவிக்கப்படாத சண்டை நடந்துகொண்டிருந்த நேரம். பல ஊர்களிலிருந்தும் அதிபருக்கு ஆதரவுக் கடிதங்கள் வந்து குவிந்தன. மாசசூசெட்ஸ் ஊர்க்காவல் படை அதிகாரிகளுக்கு அவர் எழுதிய பதில் இது. எல்லோரும் மேற்கோள் காட்டும் வரிக்கு முந்தைய வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒழுக்கமும் மதமும் கடிவாளம் போடாத மனித வெறிகளோடு மல்லுக்கட்டுகிற சக்தி எங்கள் அரசாங்கத்திடம் இல்லை என்கிறார். பேராசை, பதவி வெறி, பழிவாங்கும் எண்ணம் இவையெல்லாம் அரசமைப்பின் மிக உறுதியான கயிறுகளையும் அறுத்துக்கொண்டு போய்விடும், வலையைக் கிழித்துக்கொண்டு திமிங்கலம் போவது மாதிரி. திமிங்கல வேட்டைக்குப் பெயர்போன கடற்கரைப் பகுதியின் மனிதர், வலையும் திமிங்கலமும் அவருக்குச் சும்மா ஓர் உவமை இல்லை.

இதில் அவர் சொல்ல வருவது என்ன? ராஜாவின் நாட்டில் ஒழுங்கு இருக்கிறதென்றால் ராஜாவின் தடிக்குப் பயந்து இருக்கிறது. குடியரசில் தடி பிடிக்கிறவனும் நாம், அடி வாங்குகிறவனும் நாம். சட்டத்தை எழுதுகிறவர்களை நாமே தேர்ந்தெடுக்கிறோம், அவர்கள் கெட்டுப்போனால் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதும் நாம்தான், நாமே கெட்டுப்போய்விட்டால் யார் யாரை அனுப்புவது? அன்றைய அமெரிக்காவில் இன்று நாம் பார்க்கிற மாதிரி சம்பளத்துக்கு வேலை செய்யும் முழுநேரப் போலீஸ் படை எந்த நகரத்திலும் கிடையாது. வரி கட்டுவது, நீதிமன்றத்தில் உண்மை பேசுவது, தேர்தலில் தோற்றால் ஒப்புக்கொள்வது என்று எல்லாமே மனிதர்கள் தாமாகச் செய்தால்தான் நடக்கும் என்ற நிலை.

இதையே ஜார்ஜ் வாஷிங்டன் இரண்டு வருடம் முன்பு, 1796 செப்டம்பரில் வெளியிட்ட விடைபெறும் உரையில் இன்னும் தெளிவாகக் கேட்டிருந்தார். அரசியல் நலத்துக்கு மதமும் ஒழுக்கமும் இன்றியமையாத தூண்கள் என்று சொல்லிவிட்டு, நீதிமன்றத்தில் செய்யும் சத்தியத்தின் பின்னால் மதக் கடமை என்கிற உணர்வு இல்லாமல் போனால் சொத்துக்கும் மானத்துக்கும் உயிருக்கும் என்ன பாதுகாப்பு என்று கேட்டார். கூண்டில் ஏறி "நான் சொல்வதெல்லாம் உண்மை" என்று சொல்கிறவன் கூசாமல் பொய் சொல்ல ஆரம்பித்தால் எத்தனை நீதிபதியை வைத்தும் பிரயோசனம் இல்லை, இது கோர்ட் வாசலில் ஒரு நாள் நின்றவர்களுக்கே தெரியும். அவர் கேட்டது நியாயமான கேள்வி, அதைச் சும்மா ஒதுக்கித் தள்ளக் கூடாது என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்தக் கடிதத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டிய இன்னொரு சம்பவம் இருக்கிறது. அதே அக்டோபர் மாதம், வெர்மான்ட் மாநிலத்தின் காங்கிரஸ் உறுப்பினர் மாத்யூ லயன் சிறைக்குப் போனார். அயர்லாந்திலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்து மேலே ஏறிய மனிதர். அதிபருக்கு ஆடம்பர மோகமும் முகஸ்துதிப் பசியும் பேராசையும் இருக்கிறது என்று பத்திரிகைக்கு எழுதியது அவர் செய்த குற்றங்களில் ஒன்று. அந்த வருடம் ஜூலையில் ஆடம்ஸே கையெழுத்துப் போட்ட அரசு நிந்தனைச் சட்டத்தின்படி நான்கு மாதச் சிறை, 1,000 டாலர் அபராதம். பேராசையும் பழிவாங்கலும் வலையைக் கிழித்துவிடும் என்று எழுதிய அதே மனிதரின் ஆட்சியில், அதே மாதத்தில் நடந்தது இது. ஆடம்ஸ் கெட்டவர் இல்லை. மதநம்பிக்கை உள்ளவர், நேர்மையானவர், கடன்பட்டுப் பதவி தேடாதவர். அப்படிப்பட்டவரிடமிருந்தே நாட்டைக் காப்பாற்ற வேறு ஏதோ தேவைப்பட்டது என்பதைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன். வெர்மான்ட் மக்கள் லயனைச் சிறையில் இருக்கும்போதே மறுபடி தேர்ந்தெடுத்தார்கள்.

1800 தேர்தல் வந்தது. ஆடம்ஸுக்கு எதிரே தாமஸ் ஜெபர்சன். "என் அண்டை வீட்டுக்காரன் இருபது கடவுள் உண்டு என்றாலும், கடவுளே இல்லை என்றாலும் எனக்கு ஒரு கெடுதலும் இல்லை, அது என் பையிலும் கைவைக்காது, என் காலையும் உடைக்காது" என்று முன்பே எழுதி வைத்திருந்தவர். அதை வைத்து நாத்திகன் என்று பிரசங்க மேடைகளிலிருந்து வசை பொழிந்தார்கள். ஆடம்ஸ் கட்சிப் பத்திரிகை ஒன்று, கடவுளும் மதப்பற்றுள்ள அதிபருமா, இல்லை ஜெபர்சனும் கடவுள் இன்மையுமா என்று வாக்காளரிடம் பெரிய எழுத்தில் கேட்டது. ஜெபர்சன் வென்றார். 1801 மார்ச் 4 அன்று விடியும் முன்பே ஆடம்ஸ் தபால் வண்டி ஏறி ஊருக்குக் கிளம்பிவிட்டார், பதவியேற்பு விழாவுக்கு நிற்கவில்லை. மனசு கசந்துதான் போனார். ஆனால் போனார், படையைக் கூப்பிடவில்லை. ஆடம்ஸ் எழுதிய எந்த வரியையும் விட, அந்த விடியற்காலை வண்டிப் பயணம்தான் எனக்குக் குடியரசின் ஒழுக்கம் என்றால் என்ன என்று காட்டுகிறது.

இப்போது மதத்தையும் அரசையும் பிரித்த கதை. இதைக் கடவுள் நம்பிக்கை இல்லாத படித்தவர்கள் சிலர் செய்த வேலை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வர்ஜீனியாவில் நடந்ததைப் பார்த்தால் அந்த நினைப்பு மாறிவிடும்.

வர்ஜீனியா காலனியில் இங்கிலாந்தின் சபையான ஆங்கிலிக்கன் சபைதான் அரசு சபை. எந்தச் சபைக்குப் போகிறவனும் அதற்கு வரி கட்ட வேண்டும். பாப்டிஸ்ட் என்ற இன்னொரு கிறிஸ்தவப் பிரிவின் போதகர்கள் உரிமம் வாங்காமல் பிரசங்கம் செய்தால் சிறை. கல்பெப்பர் என்ற ஊரின் சிறையில் ஜேம்ஸ் அயர்லாந்து என்ற போதகரை 1769-ல் அடைத்தார்கள். அவர் கம்பிச் சன்னல் வழியாகவே வெளியே நின்ற ஜனங்களுக்குப் பிரசங்கம் செய்தார். எதிரிகள் கந்தகத்தைக் கொளுத்திப் புகை போட்டு மூச்சு முட்ட வைக்கப் பார்த்தார்கள், அதற்கும் அவர் வாய் மூடவில்லை. பக்கத்து மாவட்டத்தில் வளர்ந்தவர் ஜேம்ஸ் மேடிசன், பிற்பாடு அரசமைப்பின் தந்தை என்று பெயர் வாங்கியவர். 1774 ஜனவரியில், 22 வயதில், நண்பனுக்கு எழுதிய கடிதத்தில் அவர் கொதிக்கிறார்: பக்கத்து மாவட்டத்தில் ஐந்தாறு நல்ல மனிதர்கள் தங்கள் மதக் கருத்தை வெளியிட்டதற்காகச் சிறையில் கிடக்கிறார்கள், இதைப்பற்றிச் சண்டை போட்டும் திட்டியும் பேசி ஒன்றும் நடக்கவில்லை, பொறுமையே போய்விட்டது என்று.

இரண்டு வருடம் கழித்து வர்ஜீனியா உரிமைப் பிரகடனம் எழுதுகிறார்கள். ஜார்ஜ் மேசனின் வரைவில் மதத்தில் "சகிப்பு" காட்டப்படும் என்று இருந்தது. இளைஞர் மேடிசன் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் எல்லா மனிதருக்கும் சமமான உரிமை என்று மாறியது. நாமும் மத சகிப்புத்தன்மை என்பதை நல்ல சொல்லாகத்தான் பேசுகிறோம். யோசித்துப் பாருங்கள், சகித்துக்கொள்கிறவன் மேலே உட்கார்ந்திருக்கிறான், சகிக்கப்படுகிறவன் கீழே நிற்கிறான், மேலே இருப்பவனுக்கு மனசு மாறினால் கதை முடிந்தது.

1784-ல் வர்ஜீனியாவின் பெரிய அரசியல் தலைவரான பாட்ரிக் ஹென்றி ஒரு மசோதாவை ஆதரித்து நின்றார். விடுதலைப் போருக்குப் பிறகு ஜனங்களின் ஒழுக்கம் கெட்டுவிட்டது, மதம் இல்லாமல் ஒழுக்கம் இல்லை, ஒழுக்கம் இல்லாமல் குடியரசு இல்லை, ஆகவே கிறிஸ்தவப் போதகர்களுக்குச் சம்பளம் கொடுக்க ஒரு வரி போடுவோம், அந்தக் காசு எந்தச் சபைக்குப் போக வேண்டும் என்று வரி கட்டுகிறவரே சொல்லட்டும். கேட்டால் எவ்வளவு தாராளம்! கேள்வி கேட்டவர் முன்வைக்கும் வாதம் அட்சரம் பிசகாமல் இதுதான். 1785-ல் மேடிசன் எழுதிய எதிர்ப்பு மனு இன்றும் படிக்க வேண்டியது. ஒரு மதத்துக்காக மூன்று பென்ஸ் கட்டச் சொல்லி வற்புறுத்தும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்துவிட்டால், நாளைக்கு இன்னொரு மதத்துக்கு முழுசாகப் பணியச் சொல்லவும் அதே அதிகாரம் போதும் என்றார். அதோடு விடவில்லை, பதினைந்து நூற்றாண்டாகக் கிறிஸ்தவத்தை அரசு மதமாக வைத்துப் பார்த்தாயிற்று, பலன் என்ன என்று கேட்டு அவரே பதிலும் சொன்னார்: குருமாரிடம் கர்வமும் சோம்பலும், ஜனங்களிடம் அறியாமையும் அடிமைப் புத்தியும். வர்ஜீனியா முழுக்க பாப்டிஸ்டுகளும் பிரெஸ்பிட்டேரியன்களும் மனு மேல் மனு அனுப்பினார்கள். தங்களுக்கும் காசு வரும் என்று தெரிந்தே வேண்டாம் என்றார்கள் பாப்டிஸ்டுகள். மசோதா செத்தது, 1786 ஜனவரியில் ஜெபர்சனின் மதச் சுதந்திரச் சட்டம் நிறைவேறியது. சிறையில் கந்தகப் புகையைக் குடித்த கூட்டத்தின் பக்திதான் அந்தச் சட்டத்துக்கு ஓட்டு திரட்டியது.

அரசின் காசு நின்றால் மதம் வாடிவிடுமா? இதற்கு நேரடியான சாட்சி ஒருவர் இருக்கிறார். கனெக்டிகட் மாநிலத்தில் 1818 வரை சபைக்கு அரசு ஆதரவு இருந்தது. அது போனபோது லைமன் பீச்சர் என்ற போதகர் உடைந்துபோனார். நாற்காலியில் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்ததை அவருடைய பிள்ளைகள் நினைவு வைத்திருந்தார்கள். வயதான காலத்தில் அவரே என்ன சொன்னார் தெரியுமா? கனெக்டிகட்டுக்கு நடந்த மிக நல்ல விஷயத்துக்காக அன்று நான் சொல்ல முடியாத வேதனைப்பட்டேன், அது சபைகளை அரசின் கட்டிலிருந்து அறுத்துவிட்டுத் தங்கள் சொந்த பலத்தையும் கடவுளையும் நம்ப வைத்தது என்றார். தன் தரப்புத் தோற்றதை இப்படி நேர்மையாக எடை போட்ட மனிதர் மேல் எனக்கு மரியாதை அதிகம்.

மாநிலங்களில் கடைசியாக மாசசூசெட்ஸ் 1833-ல் சபைகளுக்கான வரியை விட்டது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1831 மே மாதம், அலெக்சி தொக்வில் என்ற 25 வயது பிரெஞ்சுக்காரர் சிறைச்சாலைகளைப் பார்வையிட வந்து ஒன்பது மாதம் சுற்றினார். அவர் கத்தோலிக்கக் குடும்பம், ஆகவே கத்தோலிக்கக் குருமாரிடம் நெருங்கிப் பேச முடிந்தது. பிரான்சில் மதமும் சுதந்திரமும் எலியும் பூனையுமாக இருக்க, இங்கே கைகோத்துப் போவது எப்படி என்பதுதான் அவருடைய ஆச்சரியம். அவர் பார்த்த குருமார் அத்தனை பேரும் ஒரே காரணத்தைச் சொன்னார்கள், மதமும் அரசும் தனித்தனியாக இருப்பது. அமெரிக்காவில் மதம் ஆட்சியில் நேரடியாகத் தலையிடாது, அப்படியிருந்தும் அதையே அந்த நாட்டின் முதல் அரசியல் நிறுவனமாகக் கொள்ள வேண்டும் என்று எழுதினார். இந்த வாக்கியத்தின் பின்பாதியை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டுகிறவர்கள் ஏராளம். முன்பாதியை விட்டுவிட்டால் அவர் சொன்னதே தலைகீழாகிவிடுகிறது.

அப்புறம், பள்ளியில் அரசே மத ஒழுக்கம் கற்றுக்கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். யாருடைய மதம் என்பது அடுத்த கேள்வி. பிலடெல்பியாவில் அரசுப் பள்ளிகளில் புராட்டஸ்டன்ட் பைபிளைப் படிக்க வைத்தார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய பைபிள் வேண்டும் என்று அந்த ஊர் பிஷப் கேட்டார். அந்தப் பிரச்சினை அயர்லாந்துக்காரர் மேல் இருந்த வெறுப்போடு சேர்ந்து 1844 மே மாதம் கலவரமாக வெடித்தது, இரண்டு கத்தோலிக்க ஆலயங்கள் எரிந்தன, மனிதர்கள் செத்தார்கள். ஒரே மதத்தின் இரண்டு பிரிவுகள், ஒரே வேதத்தின் இரண்டு மொழிபெயர்ப்புகள்.

நம்பிக்கை இல்லாதவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். வாஷிங்டன் சத்தியத்தைப்பற்றிக் கவலைப்பட்டார் என்று சொன்னேன். அவர் தலைமையில் எழுதிய அரசமைப்பிலேயே அதற்கு ஒரு வழி இருக்கிறது. பதவியேற்பவர் சத்தியம் செய்யலாம் அல்லது உறுதி கூறலாம், எந்தப் பதவிக்கும் மதச் சோதனை கிடையாது. உறுதி கூறலாம் என்பது முதலில் சத்தியம் செய்வதே பாவம் என்று நம்பிய குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்காக வந்த வழக்கம். ஆழ்ந்த பக்தர்களுக்காகத் திறந்த கதவு, பின்னால் நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் வழிவிட்டது. நம் அரசமைப்பிலும் அதே இரண்டு வழிதான். 2021 மே மாதம் மு.க. ஸ்டாலின் முதல்வராகப் பதவியேற்றபோது "உளமார உறுதி கூறுகிறேன்" என்றது அதன்படிதான். "ஆண்டவன் மீது ஆணையிட்டு" என்று சொன்னவரைவிட "உளமார" என்று சொன்னவர் வாக்குக் காப்பாற்றுவதில் குறைந்தவர் என்று நம் அனுபவத்தில் யாராவது காட்ட முடியுமா? நம் அரசமைப்பு அவையிலும் 1949 அக்டோபர் 17 அன்று, முகப்புரையைக் கடவுளின் பெயரால் தொடங்க வேண்டும் என்று எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். 41 பேர் ஆதரவு, 68 பேர் எதிர்ப்பு, தோற்றது. பட்டம் தாணுப்பிள்ளை எழுந்து, கடவுள் நம்பிக்கையை இப்படிச் சேர்ப்பது நம்பிக்கையில் கட்டாயத்தைக் கொண்டுவருவதாகும் என்ற பொருளில் பேசினார்.

இனி, இந்த விஷயத்தில் என்னை மிகவும் உலுக்குகிற பகுதி. அமெரிக்கா மதப்பற்றில் குறைந்த நாடாக ஒருநாளும் இருந்ததில்லை. அதே நாட்டில் லட்சக்கணக்கான மனிதர்கள் விற்று வாங்கப்பட்டார்கள். மதச் சுதந்திரத்துக்காக எழுதிய மேடிசனும் ஜெபர்சனும் அடிமைகளை வைத்திருந்தவர்கள்தான், அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை.

அடிமையாகப் பிறந்து தப்பி வந்து அடிமை முறைக்கு எதிராகப் போராடிய பிரெடரிக் டக்ளஸ் தன் 1845 சுயசரிதையில் எஜமானன் தாமஸ் ஆல்டைப்பற்றிச் சொல்வதைப் படித்துப் பாருங்கள். 1832 ஆகஸ்டில் மேரிலாந்தில் மெதடிஸ்டுகளின் திறந்தவெளி ஜெப முகாம் ஒன்று நடந்தது. ஆல்ட் அங்கே மனம் திரும்பினான். டக்ளஸுக்கு ஒரு சின்ன நம்பிக்கை, இனி அடிமைகளை விடுவிப்பான், விடுவிக்காவிட்டாலும் கொஞ்சம் இரக்கமாவது காட்டுவான் என்று. நடந்தது எதிர்மாறு. வீட்டில் காலையும் மாலையும் ஜெபம், போதகர்கள் வந்து சாப்பிட்டுப் போகும் வீடு, ஆல்ட் சபையில் சீக்கிரமே பெரிய ஆள். அந்த வீட்டில் ஹென்னி என்ற பெண் இருந்தாள், சின்ன வயசில் நெருப்பில் விழுந்து கை இரண்டும் முடங்கிப்போனவள். அவளைக் கட்டிவைத்துத் தோளில் இரத்தம் வழியச் சாட்டையால் அடித்துவிட்டு ஆல்ட் வேதவசனம் சொன்னான். எஜமானுடைய சித்தத்தை அறிந்தும் அதன்படி செய்யாத ஊழியக்காரன் அநேக அடிகள் அடிக்கப்படுவான் என்கிற, லூக்கா 12-ஆம் அதிகாரத்து வசனம். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்று நாம் சொல்வோமே, அதைவிட மோசம் இது, இடிப்பதற்கே ராமாயணத்தை எடுத்துக்கொண்டான். அதே ஊரில் கறுப்புப் பிள்ளைகளுக்கு வேதம் வாசிக்கக் கற்றுக்கொடுக்க டக்ளஸ் உதவிய ஞாயிறு பள்ளியைத் தடிகளோடு வந்து கலைத்தவர்களும் சபையில் வகுப்புத் தலைவர்கள்தான்.

டக்ளஸ் அந்த நூலின் கடைசியில், இந்த நாட்டின் கிறிஸ்தவத்துக்கும் கிறிஸ்துவின் கிறிஸ்தவத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்க முடியுமோ அவ்வளவு தூரம் என்று எழுதினார். மதத்தைத் தூக்கி எறியவில்லை அவர், அளவுகோலாக எடுத்துக்கொண்டார். அதே காலத்தில் மெதடிஸ்டுகள் 1844-லும் பாப்டிஸ்டுகள் 1845-லும் அடிமை முறையை வைத்தே வடக்கு தெற்கு என்று உடைந்தார்கள். வர்ஜீனியாவில் சுதந்திரத்துக்காகச் சிறை போன அதே பாப்டிஸ்டுகளின் வாரிசுகள் தெற்கில் அடிமை வைத்திருப்பதற்கு வேதத்தில் ஆதாரம் தேடினார்கள், அந்தப் பிரிவு மன்னிப்புக் கேட்க 1995 வரை ஆனது. இத்தனைக்கும் அரசு அவர்களுக்குச் சம்பளம் தரவில்லை. பருத்தித் தோட்டக்காரர்கள் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், அது போதுமாக இருந்தது. ஆகவே அரசிடமிருந்து பிரித்தால் மட்டும் மதம் நல்லதாகிவிடும் என்று நான் சொல்லவில்லை.

குவேக்கர்கள் கதை இதற்கு நேர் எதிர். பென்சில்வேனியா ஆட்சி மன்றம் வெகுகாலம் அவர்கள் கையில் இருந்தது. 1756-ல் செவ்விந்தியர் மேல் போருக்கு ஓட்டுப் போட மனசில்லாமல் பலர் பதவியை விட்டு இறங்கினார்கள். 1758-ல் அடிமைகளை வாங்குவதும் விற்பதும் தவறு என்று அவர்களுடைய பிலடெல்பியா கூட்டம் முடிவெடுத்தது, 1776-ல் அடிமையை விடுவிக்க மறுப்பவன் நம்மில் ஒருவன் இல்லை என்றது. அதற்காக வீடு வீடாக நடந்தவர் ஜான் உல்மன் என்ற தையற்காரர். உயில் எழுதிக் கொடுப்பதும் அவர் வேலையில் ஒன்று. அடிமையை வாரிசுக்கு எழுதிவைக்கும் உயிலை நான் எழுத மாட்டேன் என்று மறுத்துவிட்டார். அடிமை வைத்திருக்கும் வீட்டில் தங்க நேர்ந்தால், தனக்குப் பணிவிடை செய்த அடிமைகளுக்குக் கூலியாகக் காசு கொடுத்துவிட்டுப் போவார். சட்டம் எதுவும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

ஆபிரகாம் லிங்கன் 1865 மார்ச் 4 அன்று, அடிமை முறையால் வடக்குக்கும் தெற்குக்கும் மூண்ட உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், இரு தரப்பும் ஒரே வேதத்தைப் படிக்கிறார்கள், ஒரே கடவுளை வேண்டுகிறார்கள், அடுத்தவனுக்கு எதிராக அவர் துணையைக் கேட்கிறார்கள் என்றார். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்த போர் அது.

மதம் கொஞ்சமும் தேவையில்லை என்கிற நண்பர்களிடமும் எனக்குப் பேச வேண்டியது இருக்கிறது. நாத்திகரும் குடியரசைத் தாங்க முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1963-ல் வாஷிங்டன் பேரணியைத் தலைமை ஏற்று நடத்திய தொழிற்சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ப் மதநம்பிக்கை இல்லாதவராக அறியப்பட்டவர், மெதடிஸ்ட் போதகரின் மகன். அவர் பக்கத்தில் அன்று பாப்டிஸ்ட் போதகர் மார்ட்டின் லூதர் கிங் நின்றார். ஆனால் சாதாரண மனிதர்கள் ஆயிரக்கணக்கில், நாள் கணக்கில்லாமல், வலியைப் பொறுத்துக்கொண்டு அடங்கி நிற்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு பயிற்சிக் களம் வேண்டும். வாரா வாரம் கூடுகிற இடம், சேர்ந்து பாடுகிற பாட்டு, தெரிந்த முகங்கள். தொழிற்சங்கமும் நூலகமும் வாசகசாலையும் அந்த வேலையைச் செய்ய முடியும், செய்தும் இருக்கின்றன. தெற்கில், அலபாமா மாநிலத்தின் மான்ட்கமரி நகரில் அதைச் செய்தது சர்ச்.

1955 டிசம்பரில் அங்கே, பஸ்ஸில் கறுப்பர்களை ஒதுக்கி உட்கார வைப்பதை எதிர்த்துப் பஸ் புறக்கணிப்பு தொடங்கியது. 381 நாள். கூட்டம் போட்டது, காசு சேர்த்தது, நடக்க முடியாதவர்களுக்குக் கார் ஏற்பாடு செய்தது எல்லாம் கறுப்பர்களின் சர்ச்சுகளில்தான். ஊர் ஆட்சியின் ஒரு காசும் அந்தச் சர்ச்சுகளுக்கு வராது, வெள்ளை முதலாளிகளின் தயவும் கிடையாது, உண்டியலில் போடுகிறவர்கள் வீட்டு வேலைக்காரப் பெண்களும் கூலிக்காரர்களும். அதனால் அவற்றைப் பயமுறுத்துவது எளிதாக இல்லை.

1956 ஜனவரி 30 இரவு. கிங் ஒரு சர்ச்சில் பேசிக்கொண்டிருந்தபோது அவர் வீட்டுத் திண்ணையில் குண்டு வெடித்தது. உள்ளே மனைவி கொரெட்டா, மூன்று மாதம்கூட நிரம்பாத பெண் குழந்தை. அடிபடாமல் தப்பினார்கள். கிங் ஓடி வந்தபோது வீட்டைச் சுற்றி நூற்றுக்கணக்கான கறுப்பர்கள் கோபத்தில் கொதித்துக்கொண்டிருந்தார்கள், சிலர் கையில் துப்பாக்கி, சிலர் கையில் கத்தி. மேயரும் போலீஸ் கமிஷனரும் அங்கேயே இருந்தார்கள், கூட்டத்தைக் கலைக்க அவர்களால் முடியவில்லை, அவர்கள் சொல்லைக் கேட்க யாரும் தயாராக இல்லை. கிங்குக்கு அன்று வயது 27. உடைந்த திண்ணையில் ஏறி நின்று கையை உயர்த்தினார். மனைவியும் குழந்தையும் நன்றாக இருக்கிறார்கள் என்றார். ஆயுதம் வைத்திருப்பவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள், கத்தியை எடுத்தவன் கத்தியால் சாவான் என்று இயேசு சொன்னதை நினையுங்கள், பகைவரை நேசிக்க வேண்டும் என்றார். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் அந்த வசனத்தைச் சின்ன வயசிலிருந்து ஞாயிறுதோறும் கேட்டவர்கள். ஆமென் என்று குரல்கள் வந்தன. கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்து போனார்கள். அங்கே காவலுக்கு நின்ற வெள்ளைக்காரப் போலீஸ்காரர் ஒருவர், அன்று தன் உயிர் தப்பியது அந்தப் போதகரால்தான் என்று பிறகு சொன்னார்.